லூவன் பல்கலைக்கழகத்துக்கு வயது 600-ஆ, 190-ஆ?

கேள்வி இதுதான்: பெல்ஜியத்தின் லூவன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1425-ல் தொடங்கியது என்று சில இடங்களில் இருக்கிறது, 1834 என்று வேறு சில நூல்களில் இருக்கிறது. எது சரி? அந்தப் பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஏன்? அது இன்னமும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்தானா?

லூவன் நகரில் பல்கலைக்கழகம் 1425-ல் வந்தது. "கத்தோலிக்க" என்ற அடைமொழி 1834-ல் வந்தது. நடுவில் 1797-ல் பழைய பல்கலைக்கழகம் ஒழிக்கப்பட்டு, 1817 முதல் 1835 வரை அதே ஊரில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் நடந்தது. ஆக ஓர் ஊரில் மூன்று பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. மூன்றாவது 1968-ல் இரண்டாக உடைந்தது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும்.

1425-ல் அந்த ஊர் நொடித்துக்கொண்டிருந்தது. லூவனின் செல்வம் துணி நெசவு. அந்தத் தொழில் சரிந்ததும் ஊரைத் தூக்கி நிறுத்த வேறொன்று தேவைப்பட்டது. அந்தப் பகுதியை ஆண்ட பிரபாந்த் கோமகன் நான்காம் ஜான், நகராட்சி, புனித பேதுரு ஆலயக் குருக்கள் குழு ஆகிய மூவரும் சேர்ந்து திருத்தந்தை (போப்) ஐந்தாம் மார்ட்டினிடம் விண்ணப்பித்தார்கள். 1425 டிசம்பர் 9 அன்று அனுமதி ஆணை வந்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மீதான நீதி அதிகாரத்தைக் கோமகனும் நகராட்சியும் குருக்கள் குழுவும் விட்டுக்கொடுத்து, அதைப் பல்கலைக்கழகத் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும். மாணவன் ஊரில் அடிதடியில் இறங்கினாலும் அவனை விசாரிப்பது பல்கலைக்கழக நீதிமன்றம். வகுப்புகள் 1426-ல் தொடங்கின. கலை, திருச்சபைச் சட்டம், உரிமையியல் சட்டம், மருத்துவம் ஆகிய புலங்கள் முதலில் வந்தன. இறையியல் புலம் இல்லை! அதற்குத் தனி அனுமதி 1432-ல்தான் கிடைத்தது. திருத்தந்தை நிறுவிய பல்கலைக்கழகம் என்றாலே இறையியலுக்காகத்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆளில்லாமல் கிடந்த துணி மண்டபத்தையே நகராட்சி பாடம் நடத்தக் கொடுத்தது. அந்தக் கட்டடம் பின்னால் மறுபடி வரும்.

பெயரில் அப்போது "கத்தோலிக்க" கிடையாது, தேவையும் இல்லை. ஊரே கத்தோலிக்கம், அரசும் கத்தோலிக்கம். எதிரில் வேறொன்று நிற்கும்போதுதான் அடைமொழி வேண்டியிருக்கிறது.

கலைப் புல மாணவர்கள் நான்கு விடுதிக் கல்லூரிகளில் தங்கிப் படித்தார்கள். கோட்டை, பன்றி, லில்லி, வல்லூறு என்பவை அவற்றின் பெயர்கள். நான்குக்கும் பொதுவான தேர்வில் எல்லாரையும் வரிசைப்படுத்துவார்கள். முதலிடம் பெற்றவன் சொந்த ஊர் திரும்பும்போது ஊரே திரண்டு வரவேற்கும். 1517-ல் ஹியரோனிமஸ் பூஸ்லைடன் விட்டுச்சென்ற சொத்தில், மனிதநேய அறிஞர் எராஸ்மஸின் முனைப்பால், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்றையும் கற்பிக்கும் மும்மொழிக் கல்லூரி அமைந்தது. விவிலியத்தை மூலமொழிகளில் படிப்பது அந்நாளில் சிறிய விஷயமல்ல. இறையியல் புலத்தில் சிலருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. அதே இறையியல் புலம் 1519-ல், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரின் கருத்துகளைக் கண்டித்தது. 1640-ல், இறையருள் பற்றிய ஜான்சேனியஸின் பெருநூல் அவர் இறந்தபின் வெளிவந்து, திருச்சபையை நூறாண்டுக்கு மேல் உலுக்கிய சண்டைக்கு வித்திட்டது. அவரும் லூவன் பேராசிரியர்தான். ஆக, உரோமைக்கு அரணாக நின்றதும் தலைவலியாக இருந்ததும் ஒரே புலம்.

முடிவு 1797 அக்டோபரில் வந்தது. பிரெஞ்சுப் புரட்சி அரசு இந்தப் பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் ஒழிக்கப்பட்டது, சொத்துகள் பறிமுதலாயின. இதற்குப் பிறகு 20 ஆண்டுகள் லூவனில் பல்கலைக்கழகமே இல்லை. "600 ஆண்டு" என்று கூட்டிச் சொல்பவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டித்தான் கூட்டுகிறார்கள்.

நெப்போலியன் வீழ்ந்தபின் இன்றைய பெல்ஜியம் நெதர்லாந்தோடு சேர்க்கப்பட்டது. அதன் மன்னர் முதலாம் வில்லெம் 1817-ல் கென்ட், லியேஜ், லூவன் மூன்றிலும் அரசுப் பல்கலைக்கழகங்களைத் திறந்தார். மன்னர் புராட்டஸ்டண்ட், தெற்கில் மக்கள் கத்தோலிக்கர். அதோடு நின்றிருந்தால் பெரிய சிக்கல் வந்திருக்காது. 1825-ல் அவர் லூவனில் ஒரு தத்துவக் கல்லூரி நிறுவி, குருவாகப் போகிறவர்கள் அரசின் கீழ் அங்கே படித்துவிட்டுத்தான் குருமடத்துக்கு (குருக்களுக்கான பயிற்சிக்கூடத்துக்கு) போகலாம் என்றார். குருக்களை உருவாக்கும் உரிமையில் அரசு கைவைத்ததும் ஆயர்கள் (பிஷப்புகள்) கொதித்தார்கள். 1830-ல் பெல்ஜியம் தனிநாடானதற்கு இருந்த காரணங்களில் இதுவும் ஒன்று. 1831 அரசியல் சட்டம் கல்வி நடத்தும் சுதந்திரத்தை எல்லாருக்கும் கொடுத்தது. அரசின் அனுமதி கேட்காமலே யாரும் பல்கலைக்கழகம் தொடங்கலாம்.

இந்தக் கதவு திறந்ததும் ஆயர்கள் உள்ளே நுழைந்தார்கள். 1834 நவம்பரில் மெக்கலென் நகரில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் திறந்தது. அதே மாதத்தில், அதற்குப் பதிலடியாகவே, திருச்சபையின் செல்வாக்கை எதிர்த்த தாராளவாதிகள் பிரசல்ஸில் தங்கள் சுதந்திரப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். ஒரே சட்டப் பிரிவு இரண்டையும் பெற்றது. அடுத்த ஆண்டு அரசு கென்ட், லியேஜ் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு லூவனைக் கைவிட்டது. காலியான ஊரும் கட்டடங்களும் ஆயர்களுக்கு வாய்த்தன. 1835 டிசம்பரில் மெக்கலெனிலிருந்து லூவனுக்கு இடம் மாறினார்கள். பழைய பல்கலைக்கழகத்தின் வாரிசு என்ற உரிமையும் கூடவே வந்தது. சட்டம் அதை ஏற்கவில்லை: பழையதும் புதியதும் ஒரே நிறுவனமல்ல என்று பெல்ஜிய நீதிமன்றங்கள் 1840-களில் தீர்ப்பளித்தன. பரம்பரை என்பது உணர்வில் உண்டு, பத்திரத்தில் இல்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் அந்தக் காலத்து நோக்கம் பளிச்சென்று புரியும். அரசு மானியம் கிடையாது. நாட்டின் எல்லாப் பங்குகளிலும் (ஆலய வட்டங்களிலும்) பல்கலைக்கழகத்துக்கென்று காணிக்கை எடுத்தார்கள். அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகம் நாட்டுக்குக் கத்தோலிக்க வழக்கறிஞர்களையும் மருத்துவர்களையும் பொறியாளர்களையும் அமைச்சர்களையும் தர வேண்டும். பொது வாழ்க்கை முழுவதும் பிரசல்ஸ் தாராளவாதிகளின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே கணக்கு. குருக்களை உருவாக்கும் வேலை அதில் ஒரு சிறு பங்குதான். நிறுவனத்துக்குச் சட்டப்படியான ஆளுமை 1911-ல்தான் கிடைத்தது. அதுவரை ஒரு கட்டடத்தைக்கூடத் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பெண்கள் 1920-ல் அனுமதிக்கப்பட்டார்கள்.

நம்பிக்கையும் அறிவியலும் எங்கே சந்திக்கின்றன, எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதற்கு லூவனிடம் ஒரு நல்ல பாடம் உண்டு. ஜார்ஜ் லெமேத்ர் இங்கே பேராசிரியர், மறைமாவட்டக் குரு. பிரபஞ்சம் விரிகிறது என்பதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து 1927-ல் வருவித்தார். 1931-ல் எல்லாம் ஒரே "ஆதி அணு"விலிருந்து கிளம்பின என்ற கருத்தை முன்வைத்தார். 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் படைப்பின் தொடக்கத்துக்குச் சான்று சொல்கிறது என்ற தொனியில் உரையாற்றினார். சபையே மகிழ்ந்திருக்கும். லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு இயற்பியல், நாளை தவறென்று நிரூபணமாகலாம், அதன்மேல் மறையை ஏற்றிவைத்தால் இரண்டுக்கும் கேடு என்பது அவர் நிலைப்பாடு. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பணி என்ன என்று கேட்பவர்களுக்கு எந்தக் கொள்கை அறிக்கையைவிடவும் நான் இதைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று. 1938-ல் தத்துவ அறிஞர் எட்மண்ட் ஹூசெர்ல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க்கில் இறந்தார். பிறப்பால் யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் அவருடைய கையெழுத்துப் படிகள் என்ன ஆகுமோ என்ற நிலை. சுமார் 40,000 பக்கம், பெரும்பகுதி சுருக்கெழுத்து. முனைவர் பட்டத்துக்காக அங்கே போன லூவன் மாணவர் ஹெர்மன் வான் பிரெடா, ஒரு பிரான்சிஸ்கன் துறவி, அவற்றைப் பெல்ஜியத் தூதரகத்தின் வழியாக லூவனுக்குக் கடத்திக் கொண்டுவந்தார். ஹூசெர்ல் ஆவணக் காப்பகம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

நூலகக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1914 ஆகஸ்ட் 25 இரவு ஜெர்மானியப் படை நகரைக் கொளுத்தியபோது, மேலே சொன்ன பழைய துணி மண்டபத்தில் இருந்த நூலகம் சாம்பலானது. அச்சு நூல்கள் மட்டும் சுமார் 3,00,000 என்பது வழக்கமான மதிப்பீடு. கையெழுத்துச் சுவடிகளும் அச்சுக்கலையின் முதல் அரை நூற்றாண்டு நூல்களும் தனி. முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கையின் 247-ஆம் பிரிவு, எரிந்தவற்றுக்கு எண்ணிக்கையிலும் மதிப்பிலும் ஈடான நூல்களை ஜெர்மனி தர வேண்டும் என்று எழுதி வைத்தது. புதிய கட்டடம் அமெரிக்க நன்கொடையில் எழுந்தது. கட்டடக் கலைஞர் விட்னி வாரன். முகப்பின் கைப்பிடிச் சுவரில் அவர் ஓர் இலத்தீன் வரி பொறிக்க விரும்பினார்: ஜெர்மானிய வெறியால் இடிந்தது, அமெரிக்கக் கொடையால் எழுந்தது என்று பொருள். பல்கலைக்கழகத் தலைவர் லாதேஸ் மறுத்துவிட்டார். போர் முடிந்து பத்தாண்டு ஆகப்போகிறது, ஜெர்மானிய அறிஞர்களோடு மறுபடி சேர்ந்து உழைக்க வேண்டிய நேரத்தில் வாசலில் பகையைக் கல்லில் வெட்டி வைப்பதா என்பது அவர் கேள்வி. ஊரில் பலருக்கு அது துரோகமாகப் பட்டது. வழக்கு நடந்தது, 1928-ல் எழுத்தில்லாத சாதாரணச் சுவரை வைத்தபோது கட்டட வேலையில் இருந்த மேஸ்திரி ஒருவர் சம்மட்டியோடு வந்து அதை உடைத்தார். எழுத்துப் பொறித்த கற்கள் கடைசியில் தினான் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. 1914-ல் அறுநூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்ட ஊர் அது. 1940 மே மாதச் சண்டையில் புதிய நூலகமும் எரிந்தது. இந்த முறை போனவை சுமார் 9,00,000 நூல்கள்.

இனி பிளவு. லூவன் டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸில் இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1834-ல் தொடங்கியதிலிருந்து மேல்தட்டின் மொழியான பிரெஞ்சிலேயே நடந்தது. டச்சு வகுப்புகள் 1911-லிருந்து ஒவ்வொன்றாக வந்தன, 1930-களில் இரண்டு மொழியிலும் எல்லாப் பாடங்களும் என்ற நிலை. 1960-களின் தொடக்கத்தில் அரசு மொழி எல்லையைச் சட்டத்தால் வரையறுத்தது. எல்லைக்கு வடக்கே டச்சு மட்டும் என்றாகிவிட்ட ஊரில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சு மாணவர்களும் ஆசிரியர் குடும்பங்களும் இருந்தார்கள். பிரசல்ஸ் பிரெஞ்சு மயமானதைப்போல லூவனும் ஆகிவிடும் என்று டச்சு பேசும் ஃபிளெமியர்கள் பயந்தார்கள்.

1966 மே 13 அன்று ஆயர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள்: பல்கலைக்கழகம் ஒன்றே, லூவனிலேயே இருக்கும், பேச்சுக்கு இடமில்லை. கீழ்ப்படிதலைக் கேட்கும் தொனி. அங்கேதான் பிழை நடந்தது. மொழிப் பிரச்சினையை ஆயர்கள் திருச்சபை அதிகாரத்தால் முடித்துவைக்கப் பார்த்தார்கள். கத்தோலிக்க மாணவர்களே ஆயர்களுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். "வல்லோனியரே, வெளியேறுங்கள்" என்பது முழக்கம்; வல்லோனியர் என்றால் தெற்கின் பிரெஞ்சு பேசும் பெல்ஜியர்கள். 1968 பிப்ரவரி 2 அன்று புரூகெ ஆயர் தே ஸ்மெத், 1966-ல் தான் தவறிழைத்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். ஐந்து நாளில் பிரதமர் வான்டன் பூய்னன்ட்ஸின் அரசு கவிழ்ந்தது.

பிரெஞ்சுப் பிரிவு வெளியேறுவது என்று முடிவானது. 1970-ல் சட்டப்படி இரண்டு நிறுவனங்கள். ஒத்திஞிக்கு அருகே வயல்வெளியில் லூவேன்-லா-நெவ், அதாவது "புதிய லூவேன்", என்ற நகரையே கட்டினார்கள். அடிக்கல் 1971-ல் நாட்டப்பட்டது, முதல் மாணவர்கள் 1972-ல் வந்தார்கள், குடிபெயர்வு 1979-ல் முடிந்தது. மருத்துவப் புலம் மட்டும் பிரசல்ஸின் வோலுவே பகுதிக்குப் போனது. நூலகத்தையும் பங்கு போட வேண்டியிருந்தது. அலமாரிக் குறியீட்டு எண் ஒற்றைப்படையானால் லூவனுக்கு, இரட்டைப்படையானால் புதிய ஊருக்கு! ஒரே துறையின் நூல்கள் 30 கிலோமீட்டர் இடைவெளியில் பாதி அங்கே, பாதி இங்கே என்றாயின. இரண்டு போர்கள் எரித்ததை மீட்டுச் சேர்த்த நூலகம் அது. கேலியாகச் சொல்லப்படும் கதைபோல இருந்தாலும் உண்மையாகவே நடந்தது.

கடைசிக் கேள்வி: இன்னமும் கத்தோலிக்கமா? இதற்குத் திருச்சபைச் சட்டத்தில் அளவுகோல் இருக்கிறது. 1983 சட்டத் தொகுப்பின் 808-ஆம் விதிப்படி, உரிய திருச்சபை அதிகாரத்தின் இசைவின்றி எந்தப் பல்கலைக்கழகமும் "கத்தோலிக்க" என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. 812-ஆம் விதிப்படி இறையியல் கற்பிப்பவர் அந்த அதிகாரத்திடம் ஆணை பெற்றிருக்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 15 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான சட்டம் நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: தனியாட்களிடம் மட்டுமின்றி அந்தச் சமூகம் முழுவதிலும் கிறிஸ்தவ உந்துதல், நம்பிக்கையின் ஒளியில் அறிவுத்துறைகளைத் தொடர்ந்து சிந்திப்பது, திருச்சபை வழி வரும் செய்திக்கு உண்மையாக இருப்பது, இறைமக்களுக்கும் மனிதகுலத்துக்கும் பணி. கத்தோலிக்கர் அல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு. நடைமுறையில் அதிகம் சறுக்குவது அந்த விதிதான். ஆய்வுத் திறமை பார்த்து ஆளெடுக்கும் பெரிய பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் பேராசிரியரிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்க முடியுமா?

லூவன் இந்த அளவுகோலில் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறது என்பேன். 1971-லிருந்து பல்கலைக்கழக நிதி பற்றிய சட்டம் அரசுப் பணத்தை நிலையாகக் கொண்டுவந்தது. காணிக்கைப் பெட்டியின் காலம் முடிந்தது. 1987-ல் வத்திக்கான் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பைத் தவறென்று சொன்னபிறகும் லூவன் மருத்துவமனை அந்தச் சிகிச்சையை நிறுத்தவில்லை. லூவனிலேயே இருந்துவிட்ட டச்சு மொழிப் பல்கலைக்கழகம் 2011 வாக்கில் தன்னைச் சுருக்கமாக "கே.யு. லூவன்" என்றே அழைக்கத் தொடங்கியது. "கத்தோலிக்க" என்பது முதல் எழுத்துக்குள் ஒடுங்கிவிட்டது, சட்டப்பெயரில் மட்டும் முழுதாக இருக்கிறது. அதன் பணி அறிக்கை, கிறிஸ்தவ உலகப் பார்வையிலிருந்து கிளம்பி, திறந்த விவாதத்துக்கு இடமாகவும் கத்தோலிக்கச் சமூகத்துக்கு விமரிசனச் சிந்தனை மையமாகவும் இருப்போம் என்கிறது. விமரிசனம் என்ற சொல்லை அவர்கள் சும்மா போடவில்லை. 2024 செப்டம்பரில் 600-ஆம் ஆண்டுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் வந்தார். பெண்களின் பங்கு பற்றி அவர் லூவேன்-லா-நெவ்வில் சொன்னதை ஏற்க முடியாது என்று, அவர் பேசி முடித்த அன்றே பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் அறிக்கை விட்டது. விருந்தினராக வந்தவர் திருத்தந்தை, மறுத்தது கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்.

வெளியே தெரியாத ஓர் இழை இன்னும் இறுகவே இருக்கிறது: இறையியல் புலம். அங்கே இரண்டு வகைப் பட்டங்கள் உண்டு. அரசு அங்கீகரிக்கும் பட்டம் ஒன்று. வத்திக்கான் அங்கீகரிக்கும் திருச்சபைப் பட்டம் மற்றொன்று. பின்னதற்கு விதி 2018-ல் வெளியான திருச்சபைக் கல்விச் சட்டம். குருமடத்தில் இறையியல் கற்பிக்கப் போகிறவருக்குத் திருச்சபைப் பட்டம் இல்லாமல் அரசுப் பட்டம் மட்டும் இருந்தால் போதாது. விண்ணப்பிக்கும்போதே எந்தப் பட்டத்துக்கான பாடத்திட்டம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. முன்பு படித்த தத்துவம், இலத்தீன் ஆகியவற்றின் கணக்கு அங்கே வேறு. பிற துறை மாணவர்களைப் பொறுத்தவரை, டச்சுப் பல்கலைக்கழகத்தில் சமயம், வாழ்வின் பொருள், உலகப் பார்வை பற்றிய ஒரு பாடம் பட்டப்படிப்பில் கட்டாயம். அது மறைக்கல்வி வகுப்பல்ல.

பழைய நூல்களில் "லூவனில் படித்தார்" என்று கண்டால் ஆண்டைப் பாருங்கள். 1797-க்கு முன் என்றால் பழைய பல்கலைக்கழகம்: உடற்கூறு அறிஞர் வெசேலியஸ், வரைபட அறிஞர் மெர்க்கேட்டர் இருவரும் அதன் மாணவர்கள், இன்றைய இரண்டில் எதன் முன்னாள் மாணவர் பட்டியலிலும் அவர்களைச் சேர்ப்பது உரிமை கொண்டாடுதலே. 1817 முதல் 1835 வரை என்றால் அரசுப் பல்கலைக்கழகம், கத்தோலிக்கம் இல்லை. 1835 முதல் 1960-களின் இறுதி வரை ஒரே கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். எந்த மொழிப் பிரிவு என்று பார்த்தால் போதும். ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்த விடுதலை இறையியலின் முன்னோடி குஸ்தாவோ குத்தியெரெஸ் இந்தக் காலத்தவர். அதன்பின் என்றால் எந்த ஊர் என்று கேட்காமல் எழுதாதீர்கள். பழைய பல்கலைக்கழகத்தின் ஆவணங்களைத் தேடுகிறவர்கள் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் எழுதிப் பயனில்லை. 1797-ல் பறிமுதலானவை பெல்ஜிய அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; 2013-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது அந்தத் தொகுப்புதான்.